யாப்பில் நின்ற உறுதி

சென்னையினின்று மேற்கே அரக்கோணத்தை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூரைக் கடந்து, கடம்பத்தூரும் மணவூரும் தாண்டியபின் திருவாலங்காடு என்னும் சிற்றூரின் நிலையம் வரும். 1997ஆம் ஆண்டில் தனி மாவட்டமாக அமைந்த திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது இவ்வூர். கூத்தப்பெருமானுக்குரிய ஐந்து சபைகளுள் இரத்தினசபை இங்குள்ளது. தமிழ் யாப்பினைக் கற்பார்க்கு இவ்வூர் மற்றொரு வகையாலும் சிறந்தது. காரைக்காலம்மையார் தம் வாழ்நாளின் இறுதியில் வந்து தங்கிப் பாடிய இடம் இதுவே.

அம்மையார் பாடியனவாக இன்று கிடைப்பன 143 பாடல்கள். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு, திருவிரட்டைமணிமாலை ஒன்று, அற்புதத் திருவந்தாதி ஒன்று என நான்கு நூல்களாக அவை பதினோராந் திருமுறையில் அமைந்துள்ளன. அவற்றுள் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களால் ஆயது. அதன் இரண்டாம் வெண்பா நான்கே அடியில் நெஞ்சுறுதியை எடுத்துரைப்பது. அதன் சீரும் தொடையும் சொல்லும் ஓர் உள்ளத்தின் தளராமையை எங்ஙனம் தாங்கி நிற்கின்றன என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

விடாமுயற்சியைப் பற்றிப் பேசுங்கால் தமிழர்க்கு முதற்கண் நினைவிற்கு வருவது திருக்குறளின் 62ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமை. (திருவள்ளூர் என்னும் பெயரை வள்ளுவர் பெயரோடு இணைத்துப் பேசுவாரும் உளர். அவ்வூரின் பழம்பெயர் திருவெவ்வுள் என்பதாகலின் அவ்விணைப்புப் பொருந்தாது.) அங்கு வள்ளுவர் கூறும் முயற்சி பயனை உடையது, உழைத்தார்க்கு உழைப்பின் கூலி கிட்டும் என்னும் துணிவின்மேல் நிற்பது. அம்மையார் கூறும் உறுதியோ பயன் யாதும் கிட்டாவிடினும் நிற்பது. இரண்டனுள் எது அரிது என்பதை எவரும் எளிதில் உணர்வர். கூலி உண்டென்று அறிந்தவன் உழைப்பதற்கும், இல்லையென்று அறிந்தும் ஒருவன் உழைப்பதற்கும் இடையேயுள்ள தொலைவு பெரிது.

அம்மையாரின் வரலாற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் விரித்துரைத்தார். காரைக்கால் வணிகர் தனதத்தனார்க்கு மகளாய்ப் பிறந்த புனிதவதியார், பரமதத்தன் என்பானை மணந்து இல்லறம் நடத்தினார். மாங்கனி பற்றி நிகழ்ந்த அற்புதத்தைக் கண்டு அஞ்சிய கணவன், கடல் வாணிகம் செய்வதாகக் கூறிக் கலமேறிச் சென்று, பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்து, தனக்குப் பிறந்த மகளுக்குப் புனிதவதியாரின் பெயரையே இட்டான். சுற்றத்தார் அவரை அங்கு அழைத்துச் சென்றபோது, அவன் தன் மனைவியோடும் மகவோடும் அவருடைய அடியில் வீழ்ந்து வணங்கினான். கணவன் பொருட்டுத் தாங்கிய அழகு இனி எதற்கு என்று எண்ணிய அவர், தசைப்பொதியைக் கழித்து என்புருவாகிய பேய்வடிவை வேண்டிப் பெற்றார். அவ்வமயத்தே பாடப்பெற்றது அந்தாதி என்பது சேக்கிழார் வாக்கு. வீடும் கணவனும் இளமையும் நீங்கிய ஒருவரின் குரல் அது என்பதை மனத்திற்கொண்டே அதனைப் பயிலுதல் வேண்டும்.

அந்தாதியின் முதல் வெண்பாவில் அம்மையார் இறைவனை முன்னிலைப்படுத்திப் பேசுகிறார். பிறந்து பேசக் கற்ற நாள்முதல் அவன் திருவடியையே சார்ந்திருப்பதைக் கூறித் தம் துன்பம் எப்போது தீரும் என்று வினவுகிறார். வினாவுக்கு விடை வரவில்லை. இரண்டாம் வெண்பா தொடங்குகிறது. அதன் கருத்தை உரைநடையிற் சுருக்கின் இவ்வளவே: இறைவர் துன்பத்தை நீக்காவிடினும், மனமிரங்காவிடினும், செல்லும் நெறியை அறிவுறுத்தாவிடினும், ஒளி வடிவில் என்பணிந்து தீயில் ஆடும் அப்பெருமானார்மீது என் நெஞ்சு கொண்ட அன்பு நீங்காது.

இச்சுருக்கத்தில் பொருள் முழுதும் வந்துவிட்டது. ஆயினும் வெண்பாவைக் கேட்டார்க்கு உண்டாகும் நெகிழ்ச்சி இதனைப் படிப்பார்க்கு உண்டாவதில்லை. கருத்து அப்படியே இருக்க, யாப்பு ஒன்றே நீங்கியுள்ளது. ஆதலின் நெகிழ்ச்சிக்குக் காரணத்தை யாப்பிலேதான் தேடுதல் வேண்டும்.

அதற்கு முன் அசையும் சீரும் சிறிது நினைவிற்கொள்ளத் தக்கன. குறிலோ நெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் வருவது நேரசை. குறிலிணையோ, குறிலை அடுத்த நெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் வருவது நிரையசை. தேமா புளிமா என்னும் வாய்பாடுகளை நெட்டுருச் செய்து மறப்பதினும், தம்மைச் சூழ்ந்த ஊர்ப்பெயர்களை அலகிட்டுப் பார்ப்பது மாணாக்கர்க்கு எளிது. பூண்டி என்பது நேர் நேர், தேமா. மணவூர் நிரை நேர், புளிமா. ஆவடி நேர் நிரை, கூவிளம். திருத்தணி நிரை நிரை, கருவிளம். பொன்னேரி என்னும் மூவசைச்சீர் தேமாங்காய், திருவள்ளூர் புளிமாங்காய், ஆழ்வார் பிறந்த திருமழிசை கருவிளங்காய். கும்மிடிப்பூண்டியோ நான்கு அசையுடையது. நாலசைச் சீர் வெண்பாவிற்கு ஆகாது. ஆதலின் வெண்பாப் பாடுவோன் அப்பெயரைக் கும்மிடிப் என்றும் பூண்டி என்றும் இரு சீராக்கியே அமைக்க வேண்டும். அங்ஙனம் பிரித்தவிடத்துக் கூவிளத்தின்பின் நேர் வருதலால் தளையும் பிழையாது.

தளை என்பது நின்ற சீரின் ஈற்றசைக்கும் வருஞ்சீரின் முதலசைக்கும் உள்ள தொடர்பு. வெண்பாவிலே மாச்சீரின்பின் நிரையும், விளச்சீரின்பின் நேரும், காய்ச்சீரின்பின் நேருமே வருதல் வேண்டும். வேறொன்று வருமாயின் அது வெண்பா அன்று. ஆசிரியப்பாவிற்கும் கலிப்பாவிற்கும் உள்ள நெகிழ்வு வெண்பாவிற்கு இல்லை. புலவர்கள் வெண்பாவைக் கண்டு அஞ்சியதும், அதனையே தம் திறத்திற்கு உரைகல்லாகக் கொண்டதும் இக்கட்டுப்பாட்டாலேயாம். தம்மை எவரும் கட்டாத நிலையில் நின்ற அம்மையார், பாக்களுள் மிகுந்த கட்டுடைய இதனைத் தம் நீண்ட நூலுக்குத் தேர்ந்துகொண்டது கருதத்தக்கது.

இரண்டாம் வெண்பா நான்கடி நேரிசை வெண்பா. முதல் மூன்றடியில் நந்நான்கு சீரும் ஈற்றடியில் மூன்று சீருமாகப் பதினைந்து சீர். அவற்றிடையே பதினான்கு இணைப்புகள். அலகிட்டு நோக்கின், அவற்றுள் ஆறு காய்முன் நேர், ஆறு மாமுன் நிரை, இரண்டு விளமுன் நேர். ஓரிடத்தும் இணைப்புத் தளரவில்லை. இஃது எல்லா நல்ல வெண்பாவிற்கும் உரிய இலக்கணமேயன்றி இதற்கென்று அமைந்த சிறப்பன்று. இதற்கே உரிய சிறப்பு, அச்சீர்கள் நின்ற முறையில் உள்ளது.

துன்பம் நீக்காமை, இரங்காமை, நெறி கூறாமை என்னும் மூன்றனையும் அம்மையார் ‘ஏனும்’ என்னும் ஒரே இடைச்சொல்லால் முடிக்கின்றார். அவ்விடைச்சொல் தன் முன் நின்ற வினையின் ரகர மெய்யை ஏற்று, மூவிடத்தும் தனித்தனிச் சீராக, நேர் நேர் என்னும் தேமாவாக நிற்கிறது. அஃதன்றி, மூவிடத்தும் அதற்கு முன்னுள்ள சீர் கருவிளங்காயாகவே அமைந்துள்ளது. கருவிளங்காய், தேமா, கருவிளங்காய், தேமா, இடையே ஒரு புளிமா, மீண்டும் கருவிளங்காய், தேமா. மூன்று மறுப்பும் ஒரே அளவினவாய், ஒரே நடையில் வந்து செவியில் விழுகின்றன. நீண்டெழும் காய்ச்சீர் ஒரு குறையைச் சொல்லிற்று. குறுகிய தேமா ‘ஆயினும் என்ன’ என்று அதனைத் தாங்கிக்கொண்டது. மீண்டும் ஒரு குறை. மீண்டும் ஒரு தாங்கல்.

சொல் மீண்டும் மீண்டும் வருதல் சலிப்புத் தாராதோ என வினவலாம். வெறுஞ்சொல் மட்டும் திரும்பி வரின் சலிப்பே மிஞ்சும். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கெல்லையில் உள்ள கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இரும்பாலைகளில், செந்தழலாய்க் காய்ந்த இரும்புக்கட்டியை உருளைகளின் இடையே பன்முறை செலுத்துவர். உருளையின் சுழற்சி ஒன்றுபோலவே இருக்கும். இரும்போ ஒவ்வொரு முறையும் மெலிந்து நீண்டு வேறு வடிவு கொள்ளும். இவ்வெண்பாவின் ‘ஏனும்’ உருளை போன்றது. அதனூடே செல்லும் பொருள் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. துன்பத்தை நீக்குதல் பெருஞ்செயல். அது செய்யப்படாவிடின் போகட்டும். இரங்குதல் உள்ளத்தின் அளவில் நிற்பது. அதற்கு முயற்சியும் வேண்டுவதில்லை. அதுவும் இல்லாவிடின் போகட்டும். இவ்வழியே செல்க என்று காட்டுதல் ஒரு சொல்லின் அளவே. அச்சொல்லும் வேண்டா. செயலும் உள்ளமும் சொல்லுமாக, எதிர்பார்ப்பு படிப்படியாய்ச் சிறுத்துக்கொண்டே செல்கிறது. இழத்தற்கு இனி யாதும் இல்லை என்னும் நிலையை மூன்றாம் தேமா எட்டிவிடுகிறது. முறையை மாற்றி, நெறி கூறாமையை முதலிலும் துன்பம் நீக்காமையை இறுதியிலும் வைத்திருந்தால், வளர்ந்து செல்லும் முறையீடாக அது முடிந்திருக்கும்.

குறை கூறும் அவ்விடத்தும் அம்மையார் வினைகளை ‘ஆர்’ என்னும் உயர்வுப்பன்மை விகுதி தந்தே முடித்துள்ளார் என்பதையும் காண்க. முதல் வெண்பாவில் முன்னிலையாக இருந்த இறைவன் இங்குப் படர்க்கை ஆகிவிட்டான். விடை தாராதாரை நோக்கி மேலும் வினவுதல் தகாதெனக் கருதியவர்போல, அவர் தம் நெஞ்சை நோக்கித் திரும்பிவிட்டார்.

இனி எதுகையை நோக்குவோம். இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. இவ்வெண்பா இருவிகற்பத்தது. முதலிரண்டடிகளும் இரண்டாமடியின் ஈற்றிலுள்ள தனிச்சொல்லும் டகரத்தை இரண்டாமெழுத்தாகக் கொண்டு ஓர் எதுகையால் இணைகின்றன. பின்னிரண்டடிகள் னகர ஒற்றைக்கொண்டு வேறோர் எதுகையால் இணைகின்றன. மறுப்புகள் யாவும் முதல் எதுகையின்கீழ் அடங்குகின்றன; இறைவனது கோலமும் நெஞ்சின் அன்பும் இரண்டாம் எதுகையின்கீழ் அடங்குகின்றன. இடையே நிற்கும் தனிச்சொல்லின் நிலைதான் வியக்கத்தக்கது. ‘சுடர்’ என்று தொடங்கும் அச்சொல் ஓசையால் முன்னடிகளைச் சேர்ந்தது. பொருளால் பின்னடிகளைச் சேர்ந்தது. அதுவும் ஒரு கருவிளங்காய்ச் சீரே! மூன்று முறை கருவிளங்காயின்பின் ‘ஏனும்’ கேட்டுப் பழகிய செவி, நான்காவது கருவிளங்காய் வந்தவுடன் மற்றொரு மறுப்பையே எதிர்பார்க்கும். வருவது மறுப்பன்று, ஒளிவடிவாய் ஆடும் பெருமானின் கோலம். துன்பத்தின் நடையிலேயே வந்து, துன்பத்தின் பக்கலினின்று கேட்பாரைத் திருப்பிவிடுகிறது அச்சொல். உரைநடைச் சுருக்கத்தில் இழந்தது இதுவே.

மூன்றாமடியின் தொடக்கச்சொல் என்பு. நான்காமடியின் தொடக்கச்சொல் அன்பு. (முன்னடியின் ஈற்றிலுள்ள உருபோடு புணர்ந்து வருதலால் அச்சிற் பார்ப்பார்க்கு இஃது உடனே புலப்படாது, பதம் பிரித்தறிதல் வேண்டும்.) என்பும் அன்பும் ஓரெழுத்தே வேறுபடும் சொற்கள். வள்ளுவரும் அன்புடைமை அதிகாரத்தில் இவ்விரண்டனையும் அருகருகே நிறுத்தினார். அம்மையாரோ அவ்விரண்டின் பின்னும் ‘அறு’ என்னும் வினையின் எதிர்மறையையே வைத்துள்ளார். இறைவனிடத்து நீங்காதது என்பு. தம்மிடத்து நீங்காதது அன்பு. முன்னது பெயரெச்சமாய்க் கோலத்தைச் சிறப்பிக்கிறது. பின்னது முற்றாய் நின்று வாக்கியத்தை முடிக்கிறது. இறைவன் அணிந்த எலும்பு எவ்வளவு உறுதியாய் அவனை விட்டு நீங்காதோ, அவ்வளவு உறுதியாய் அவர் நெஞ்சின் அன்பும் நீங்காது என்று உவமை கூறி விளக்கியிருக்கலாம். அவர் விளக்கவில்லை, எதுகையே அதனைச் சொல்லிவிடுகிறது. என்புருவே தம் உருவாகக் கொண்டவர் பாடியது இஃது என்பதை நினைப்பார்க்கு, அவ்வெதுகை இன்னும் ஒரு படி ஆழ்ந்து பொருள்படும்.

மோனையைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. முதலடியின் முதற்சீரும் மூன்றாம் சீரும் இகர எகர இனமோனையால் இணைந்து, முதலிரு மறுப்புகளையும் ஒருசேரக் கட்டுகின்றன; அவ்வளவே.

ஓர் எச்சரிக்கை. இவ்வெண்பாவின் ஈற்றுச்சீர் பிறப்பு என்னும் வாய்பாட்டது. அடுத்த வெண்பா, எழுபிறப்பிலும் அவர்க்கே ஆட்படுதலைப் பேசுகிறது. இவ்விரண்டனையும் இணைத்து நுட்பம் காண முற்படுவாரும் இருத்தல் கூடும். அது பிழை. பிறப்பு என்பது இலக்கண நூலார் வைத்துக்கொண்ட அளவுப்பெயரேயன்றிப் பாடுவோர் கருதிய பொருளன்று. காசு, நாள், மலர் என்பனவும் அத்தகையனவே. யாப்பிற் பொருள் காண்பார் செவிக்குப் புலனாவதை மட்டும் கொள்ளுதல் வேண்டும். வாய்பாட்டின் பெயரிற் பொருள் தேடின், வெண்பாத்தோறும் மாமரமும் விளாமரமும் முளைத்துவிடும்.

வெண்பாவின் உள்ளே சொல் மீண்டு வருவதை இதுகாறும் கண்டோம். பாடலுக்கும் பாடலுக்கும் இடையே சொல் மீண்டு வருவதும் அம்மையாரிடத்து உண்டு. திருவாலங்காட்டிற்கு வந்தபின் அவர் பாடிய முதல் மூத்த திருப்பதிகத்தில், முதற் பத்துப் பாடல்களும் அவ்வூர்ப் பெயரிலேயே வந்து முடிகின்றன. சுடுகாட்டின் காட்சிகள் பாட்டுக்குப் பாட்டு மாறுகின்றன. பேயும் நரியும் எரியும் பிணமுமாக அச்சம் தரும் அக்காட்சிகளின் இறுதியில், இதுவே எம் அப்பன் இருக்கும் இடம் என்னும் கருத்து மாறாமல் வருகிறது. எத்துணைக் கொடிய இடமாயினும் பாடுவோர் அவ்விடத்தை விட்டகலவில்லை என்பதை அம்முடிபே தெரிவிக்கிறது.

அந்தாதியில் இம்மீட்சி வேறு வகையது. ஒரு வெண்பாவின் ஈற்றிலுள்ள சொல்லோ சீரோ அடுத்த வெண்பாவின் முதலாக வருவது அந்தாதித் தொடை. முதல் வெண்பா ‘இடர்’ என்னும் சொல்லோடு முடிகிறது. அஃது எப்போது தீரும் என்னும் வினாவின் முடிபு. அதே சொல்லை எடுத்துக்கொண்டு இரண்டாம் வெண்பா தொடங்குகிறது. அது தீராவிடினும் ஆகுக என்னும் துணிவின் தொடக்கம். இரு பாடலுக்கும் இடையே ஒரு சொல்லும் மாறவில்லை. அச்சொல்லைப் பற்றிய கை மாறிவிட்டது. விடையை எதிர்நோக்கியிருந்த நெஞ்சு விடை வேண்டாத நெஞ்சாய் மாறியது அவ்விடைவெளியிலேதான். அதனை அம்மையார் விரித்துரைக்கவில்லை.

இவ்வாறு ஒவ்வொரு வெண்பாவும் தன் முன்னதன் கையைப் பற்றிக்கொண்டே செல்கிறது. அந்தாதி பாடுவோர்க்கு இடையில் விட்டொழிதல் இயலாது. தொடங்கிய இடத்திற்கே திரும்பி வந்து மண்டலித்து முடித்தாலன்றி நூல் நிறைவுறாது. அதே மாவட்டத்துத் திருமழிசையில் தோன்றிய ஆழ்வாரும் நான்முகன் திருவந்தாதியை 96 வெண்பாக்களாற் பாடினார். முதலாழ்வார் மூவரும் நூறு நூறாகப் பாடினர். அம்மையாரை ஆறாம் நூற்றாண்டினர் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். அவர் நூல் அந்தாதிகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்றாக எண்ணப்படுவது.

நூற்றோராம் வெண்பாவில் அம்மையார் தம்மைக் காரைக்காற்பேய் என்று கூறிக்கொண்டு, இம்மாலையைப் பாடுவார் எய்தும் நிலையை உரைக்கின்றார். அவ்வெண்பாவின் இறுதிச்சொல் ‘பிறந்து’ என்பது. நூலின் முதற்சொல்லும் அதுவே. முதலில் அது, துன்பத்தினின்று விடுதலை வேண்டிய ஓர் உயிர் உலகில் வந்து பிறந்ததைக் குறித்தது. நூறு வெண்பாக்களைக் கடந்து மீண்டு வந்தபோது, பாடுவாருடைய நெஞ்சில் அன்பு பிறப்பதைக் குறிக்கிறது.